மாற்றுச் சிறுநீரகமும் சர்க்கரையும் உள்ளவருக்குக் கொரோனா: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை



2020 ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. கஞ்சி காய்ச்ச வழியில்லாததால் நோன்புக் கஞ்சி அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை. "வாசல்ல வச்சிட்டுப் போங்க பாய், தப்பா நினைக்காதீங்க" என்று அந்தச் சகோதரர் உள்ளே இருந்தபடியே சொன்னார். நாங்கள் தப்பாகத்தான் நினைத்தோம். இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய மனைவி. இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், "இவ்வளவு பயம் ஆகாது" என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சு அவர் காதுக்கும் போனது.

மறு வருடம் ஏப்ரலில் நெருங்கிய உறவில் ஒரு நிக்காஹ். போகாவிட்டால் மறுபடியும் பேசுவார்களே என்று போய்வந்தார். ஐந்தாம் நாள் லேசான உடம்பு வலியும் வயிற்றுப்போக்கும் வந்தன. காய்ச்சல் இல்லை. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. மதுரையில் பதினாறு நாட்கள் ஆக்சிஜனில் இருந்து, அல்ஹம்துலில்லாஹ், உயிரோடு திரும்பினார். ஆனால் 1.2 ஆக இருந்த கிரியாட்டினின் 2-ஐத் தாண்டிவிட்டது. அவர் மனைவி எங்களிடம் குறைபட்டுக்கொள்ளவில்லை. "நான் ஒரு தடவைதான் கொடுக்க முடியும், இன்னொரு தடவை கொடுக்க என்னிடம் இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகே இந்தப் பாடத்தை நாங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை இங்கே தருகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது. கிருமி போய்விடவில்லை. நம்மில் பலருக்கு அது இப்போது சளிக்காய்ச்சல் மாதிரி வந்துபோகலாம். இவர்களுக்கு அப்படியல்ல.

ஏன் இவர்களுக்கு ஆபத்து அதிகம்?

நம் உடம்பு அந்நியப் பொருள் எதையும் எதிர்க்கும். கிருமியை எதிர்ப்பது போலவே, இன்னொருவருடைய சிறுநீரகத்தையும் எதிர்க்கும். அதனால்தான் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், பிரட்னிசோலோன் போன்ற மாத்திரைகளை, அந்தச் சிறுநீரகம் வேலை செய்யும் வரை எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்புச் சக்தியைத் திட்டமிட்டே குறைத்து வைப்பதுதான் இந்த மாத்திரைகளின் வேலை. சிறுநீரகம் தப்புகிறது, கிருமிக்கும் வழி லேசாகிறது.

சர்க்கரை இதில் இரண்டாவது சுமை. பலருக்குச் சிறுநீரகம் கெட்டதே சர்க்கரையால்தான். முன்பு சர்க்கரை இல்லாதவர்களுக்கும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் புதிதாகச் சர்க்கரையைக் கொண்டுவரலாம். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்களின் திறன் குறையும். கிருமி தாக்கினால் சர்க்கரை இன்னும் கூடும். ஆக்சிஜன் தேவைப்படும் நிலையில் உயிர் காக்கக் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோனும் சர்க்கரையை ஏற்றும். ஒன்று மற்றொன்றை வளர்க்கும் வட்டம் இது.

நம் பக்கத்தில் நடந்தவை

தமிழ்நாட்டில் கொரோனாவின் முதல் மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அவருக்கு வயது 54. நாள்பட்ட நுரையீரல் நோய்க்காக ஸ்டீராய்டை நம்பி இருந்தவர், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தன என்று அன்றைய சுகாதாரத்துறை அமைச்சர் தெரிவித்தார். அதே ஆண்டு ஜூன் 10 அன்று சென்னையில் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் கொரோனாவால் இறந்தார். அவர் முன்பே கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்; சிறுநீரகக் கோளாறும் இருந்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் போட்டியிட்ட மாதவராவ், 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு முடிந்து ஐந்தாம் நாள் மதுரையில் கொரோனாவுக்குப் பலியானதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இங்கிலாந்தில் 1 கோடியே 70 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. வயது முதலிய காரணங்களைக் கழித்துப் பார்த்த பிறகும், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் கொரோனாவால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைப் போல் சுமார் மூன்றரை மடங்கு. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைக்கு இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கட்டுப்பாட்டில் இருக்கும் சர்க்கரைக்கோ 1.3 மடங்குதான். மாற்றுச் சிறுநீரகத்தை நாம் மாற்ற முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க முடியும்.

இந்தியாவில் 13 மருத்துவமனைகளில் கொரோனா வந்த 250 மாற்றுச் சிறுநீரகக்காரர்களைக் கவனித்ததில், நூற்றுக்கு 11 அல்லது 12 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள். ஆகவே பயந்து ஒடுங்க வேண்டியதில்லை, அலட்சியமும் கூடாது.

அறிகுறி தெரிந்தால்

1. காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலே போகலாம். உடம்பு வலி, அசதி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவானாலும் அன்றைக்கே உங்கள் சிறுநீரக மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

2. மாற்றுச் சிறுநீரக மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு மாத்திரையைத் தற்காலிகமாகக் குறைப்பதா, ஸ்டீராய்டைக் கூட்டுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் உயிருக்கே ஆபத்து.

3. டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் சகோதரர் செய்த தவறு இதுதான். மெடிக்கலில் எதை வாங்கினாலும் "எனக்குச் சிறுநீரகம் மாற்றியிருக்கு" என்று முதலில் சொல்லுங்கள்.

4. கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவையும், ரிட்டோனாவிர் சேர்ந்த கொரோனா மாத்திரையும் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும். வயிற்றுப்போக்கும் ஏற்றும். புதிய மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

5. சர்க்கரையை வீட்டிலேயே ஒரு நாளைக்குப் பல முறை பாருங்கள். சாப்பிட முடியாமலோ வாந்தியோடோ இருக்கும்போது மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரைகளைத் தொடரலாமா என்று கேளுங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

6. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 94-க்குக் கீழே காட்டினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். இங்கிருந்து மதுரைக்குப் போகவே இரண்டு மணி நேரம் ஆகலாம். முன்னிரவில் எடுக்க வேண்டிய முடிவை விடியற்காலைக்குத் தள்ளாதீர்கள்.

7. குணமான பிறகும் சில வாரங்கள் கவனம் தேவை. ஒரு பக்க முக வலி அல்லது வீக்கம், மூக்கில் கறுப்பாக வடிதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், பல் ஆடுதல் இருந்தால் உடனே ஓடுங்கள். 2021-ல் பரவிய கறுப்புப் பூஞ்சை, சர்க்கரை கூடியவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும்தான் அதிகம் தாக்கியது.

கசாயமும் கருஞ்சீரகமும்

"எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று அன்போடு கொண்டுவந்து கொடுக்கிறோம். இவர்களுக்கோ அந்தச் சக்தியைக் குறைத்து வைத்திருப்பதால்தான் சிறுநீரகம் நிற்கிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் கசாயம், சூரணம், எண்ணெய் எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் இவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றக்கூடியது.

தடுப்பூசி

2021 மார்ச் 1 அன்று 45 வயதைத் தாண்டிய இணைநோயாளர்களுக்குத் தடுப்பூசி தொடங்கியபோதே, சிறுநீரக மாற்று பெற்றவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இருந்தும் தடுப்பூசி இவர்களிடம் முழுப் பலனைத் தருவதில்லை. அமெரிக்காவில் உறுப்பு மாற்று பெற்ற 658 பேரைச் சோதித்ததில், இரண்டு ஊசிக்குப் பிறகும் ஏறத்தாழ பாதிப் பேருக்கே எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. எனவே அடுத்த ஊசி தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளைப் பற்றியும் கேளுங்கள். அதோடு வீட்டில் உள்ள மற்றவர்களும் ஊசி போட்டிருப்பது அவரைச் சுற்றி வேலி அமைப்பது போன்றது.

நோன்பும் ஜும்ஆவும்

டாக்ரோலிமஸ் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டியது. நம் ஊரில் ஸஹர் முடிவிலிருந்து மஃரிப் வரை 13 மணி நேரம் ஆகிறது. தண்ணீர் இல்லாமல் சிறுநீரகமும் சிரமப்படும். இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரை தாழும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமாகும் நோயாளி பின்னர் களாச் செய்யலாம். தீராத நோயுள்ளவர் ஃபித்யா கொடுக்கலாம். மருத்துவர் சொன்னதை ஆலிமிடம் சொல்லி முடிவு செய்யுங்கள். அதுபோல நோயாளிக்கு ஜும்ஆ கடமையில்லை. அவர் வரவில்லை என்றால் ஈமான் குறைந்துவிட்டதாக யாரும் அளக்க வேண்டாம்.

நம் கடமை

நோயாளியை நலம் விசாரிப்பது நமக்கு நன்மை. கூட்டமாகப் போய் அவர் கட்டில் ஓரம் உட்கார்வதால் அந்த நன்மை கூடிவிடாது. போனில் விசாரிக்கலாம். சளி, இருமல் உள்ளவர் போகவே கூடாது. போகிறவர் முகக்கவசம் அணிந்து, கை கழுவி, ஜன்னல் திறந்த அறையில் சற்று நேரம் இருந்து வரலாம். கொள்ளைநோய் பரவிய ஊருக்குப் போகாமலும் அங்கிருந்து வெளியேறாமலும் இருக்க நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். பிறரைக் காப்பதும் மார்க்கம்தான்.

மாத்திரைச் செலவுக்குத் தடுமாறும் குடும்பங்கள் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அது சிறுநீரகத்தையே இழக்கச் செய்யும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் வீட்டுக்கே தருகிறது. ஆலோசனைக்கு 104 இருக்கிறது. இவற்றுக்கும் மேல் தேவைப்பட்டால் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். பெயரை வெளியே விடமாட்டோம்.

அந்தச் சகோதரர் இப்போது ஜும்ஆவுக்கு வருகிறார். கடைசி வரிசையில், காற்று வரும் ஓரத்தில், முகக்கவசத்தோடு தொழுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் சற்றுத் தள்ளி இடம் விடுகிறார்கள். அவர் சுமப்பது மனைவி தந்த அமானத். அதைக் காப்பதில் நமக்கும் பங்கு உண்டு. நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.