லீஃப் காரில் உலக முடிவுக்கு

கேள்வி: எங்களிடம் பழைய நிசான் லீஃப் நிற்கிறது. பிள்ளைகளோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய் ‘உலக முடிவு’ பார்த்துவர ஏலுமோ?
– வாசகி, புத்தூர்

பதில்: ஏலும், ஒரே நாளில் இல்லை. 24 யூனிட் பற்றரி என்றால் புதிதிலேயே நூறு, நூற்றிருபது கிலோமீற்றர்தான் ஓடும். கண்டிக்கே ஏ9 வீதியால் 320 கி.மீ. அளவில் வரும். கிளிநொச்சி, வவுனியா, மிகிந்தலை, தம்புள்ளை என்று நின்று நின்று சார்ஜ் ஏற்றவேண்டும்.

மீற்றர்த் தட்டின் வலது ஓரத்தில் பற்றரியின் நலம் காட்டும் கோடுகளை முதலில் எண்ணுங்கள். புதுக் காரில் 12. எட்டு ஒன்பதுதான் மிச்சமென்றால், நானாக இருந்தால் ரயிலில் போவேன்.

கண்டியிலிருந்து நுவரெலியா 77 கி.மீ. தூரம் பெரிதில்லை, ஏற்றம்தான் தின்னும். ஆட்களோடு 1,800 கிலோ காரை ஏறக்குறைய 1,370 மீற்றர் தூக்க மட்டும் 7 யூனிட் வேண்டும், ஓட்டத்துக்கு வேறு. இறங்கும்போது அதில் ஒரு பங்கு பற்றரிக்குத் திரும்பும். பிரேக்கைச் சும்மா மிதியாதீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்த பிள்ளைகளுக்கு ‘உலக முடிவின்’ 800 மீற்றருக்கு மேற்பட்ட செங்குத்துப் பள்ளம் வேறு அனுபவம். காலை பத்து மணிக்குள் அங்கே போய்விடுங்கள், பிறகு மூடுபனிதான். சமவெளி வாசலில் பையைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். புட்டை வாழையிலையில் கட்டுங்கள்.