மார்கழிக் குளிரும் ஊதா இலையும்

மார்கழி பிறந்ததும் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தக்காளி நட்டவர்கள் கேட்பது இதுதான்: “இலைக்கு அடியில ஊதா கலர் ஏறுதே, ஒரு மூட்டை டிஏபி போட்டுடலாமா?” இயற்கை வழிக்கு மாறிய முதல் வருடம் பலர் தடுமாறுவதும் இங்கேதான். கொஞ்சம் பொறுங்க.

ஊதா நிறம் மணிச்சத்துக் குறையைக் காட்டும், சரிதான். ஆனால் மண்ணில் சத்து இருந்தும் குளிரில் வேரால் அதை எடுக்க முடியாமல் போகலாம்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்க, உறைந்திருக்கும். வேர், இலைச் செல்களைச் சுற்றியுள்ள சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. தக்காளி, மிளகாய், கத்திரி போன்ற வெப்பப் பயிர்களில் குளிர் கூடினால் அந்தச் சவ்வும் இறுகும். சத்தும் தண்ணீரும் உள்ளே போவது குறையும். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது, வேர்தான் தேடிப் போகணும். மண் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் வேர் வளர்ச்சியே மந்தமாகிவிடும். சத்தைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர்களும் சோம்பிவிடும். அதனால் ஜீவாமிர்தம் விட்டாலும் பலன் தாமதமாகத்தான் தெரியும்.

“அப்ப இலை வழியா கொடுத்தா?” கொடுக்கலாம், நேரம் பார்த்து. விடியற்காலையில் இலைத்துளை திறந்திருக்காது. பனி ஈரத்தில் தெளித்த கரைசல் வழிந்து மண்ணில் விழும். மாலையில் தெளித்தால் இரவெல்லாம் இலை ஈரமாக இருந்து பூஞ்சாணத்துக்கு வழி விடும். எனவே குளிர் மாதங்களில்:

• பனி காய்ந்தபின், காலை 9 மணிக்கு மேல் வெயில் உறைக்கும் முன் தெளியுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா போதும். அளவைக் கூட்ட வேண்டாம்.
• மாலையில் பாய்ச்சாமல் காலையில் அளவாகப் பாய்ச்சுங்கள். அந்நேரம் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்.
• செடியின் தூரை ஒட்டிய மூடாக்கைப் பகலில் சற்று விலக்கி, மண்ணில் வெயில் படவிடுங்கள்.
• தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஈர மண் சூடேற நேரமாகும்.

நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்தபின் புதுத் துளிரைப் பாருங்க. பச்சையாக வந்தால் குளிர்தான் காரணம். பழைய இலையின் ஊதா மறையாவிட்டாலும் கவலை வேண்டாம். தை வெயிலிலும் துளிர் ஊதாவாகவே வந்தால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்க. அதுவரை அந்த மூட்டைக்கான காசு உங்க பையிலேயே இருக்கட்டும்.