மலையகத்தின் பருவச்சொல்

கேள்வி: ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல் கட்டாயமாமே? நான்கு பருவமில்லாத நமது மலையகத்தில் அதற்கு எங்கே போவது?
– வாசகர், ஹற்றன்

பதில்: மரபான ஹைக்கூவுக்குக் கட்டாயம்தான். ஜப்பானியர் அச்சொல்லைக் 'கிகோ' என்பர். 5-7-5 என 17 ஒலியசைகள், ஓட்டத்தை நிறுத்தும் ஒரு வெட்டுச்சொல், கூடவே கிகோ. கவிஞர் பாஷோ (1644–1694) காலத்தில் இவ்வடிவம் தொடர்கவிதையின் தொடக்கமாக, 'ஹொக்கு' என்ற பெயரில் இருந்தது. 'ஹைக்கூ' என்று பெயரிட்டுத் தனிக்கவிதையாக நிலைநிறுத்தியவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மசஓகா ஷிகி.

1916இலேயே சுதேசமித்திரனில் பாரதியார் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். பின்வந்த தமிழ்க் கவிஞர்கள் பலர் மூன்றடியை வைத்துக்கொண்டு அசைக்கணக்கை விட்டார்கள். அதில் தவறில்லை, ஜப்பானிய ஒலியசை வேறு, தமிழ் அசை வேறு. அதோடு பருவச்சொல்லையும் கைவிட்டதுதான் இழப்பு.

மலையகத்துக்குப் பருவம் உண்டு. தை, மாசியில் நுவரெலியாவில் சில விடியல்களில் புல்மேல் உறைபனி படிகிறது. தேயிலைக் கொழுந்து கருகுகிறது. ஏப்ரலில் அங்கே பூக்களும் கூட்டமுமாய் 'சீசன்'. வைகாசி பிறந்தால் ஹற்றன் பக்கம் தென்மேற்குப் பருவமழை. கவ்வாத்து வெட்டிய மலை, மழைக்குப்பின் கொழுந்து பெருகும் நாட்கள், லயத்து வாசலில் இறங்கும் பனிமூட்டம்: தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் பெயர்.

அவற்றில் ஒன்றை எடுத்து மூன்றடி எழுதி அனுப்புங்கள்.