ஊசி போட்டால் போதுமா?

கேள்வி: என் மகள் நர்சிங் இறுதியாண்டு படிக்கிறாள். வார்டில் பயமில்லாமல் ஊசி போடுகிறாள். ஆஸ்கி (OSCE) எனும் செய்முறைத் தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைகிறதே, ஏன்?

பதில்: ஆஸ்கியின் மதிப்பெண் பட்டியலில் ஊசி குத்துவதற்கு ஒரு வரிதான் அம்மா. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டனும் சகாக்களும் முன்வைத்த முறை அது. எல்லோருக்கும் ஒரே பணி, ஒரே நேரம், ஒரே சரிபார்ப்புப் பட்டியல். கை கழுவினாளா, நோயாளியிடமே பெயரைக் கேட்டாளா, மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டாளா, ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாமல் கூர்மையான கழிவுக்கான வெள்ளை டப்பாவில் போட்டாளா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். கூட்டமான வார்டில் முதலில் நழுவுபவை இவைதான். (இப்படி விட்டுவிடும் பழக்கம் சீனியர்களிடமிருந்தும் ஒட்டிக்கொள்ளும்!)

வலியில் கத்துபவரை நள்ளிரவில் ஆற்றுப்படுத்தும் திறமையைச் சில நிமிடத் தேர்வு அளக்காது. அதற்கு வார்டு சிஸ்டரின் பல வார மதிப்பீடு வேண்டும். இப்போதைக்கு, தோழி ஊசி போடும்போது உங்கள் மகள் பட்டியலை நிரப்பிப் பார்க்கட்டும்.