மாடி முகப்பில் கீரையும் மலரும்: ஒரு வரவு செலவுக் கணக்கு

2023 ஜூலையில் மதனப்பள்ளிச் சந்தையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைக் கடந்து உயர்ந்தது. செப்டம்பருக்குள் கடுமையாக வீழ்ந்தது. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்றாகும். அதற்கு அண்மையில் இருந்தும், சித்தூர், திருப்பதி நகரங்களின் அடுக்குமாடிக் குடும்பங்கள் விலையேற்றத்திலிருந்து தப்ப இயலவில்லை. 'பால்கனியிலேயே பயிரிட்டால் என்ன?' என்ற எண்ணம் இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பே. இக்கேள்விக்குக் கணக்கிட்டு விடை காண்பது நலம்.

எதைப் பயிரிடுவது?

தொட்டியில் நன்கு பேணப்பட்ட தக்காளிச் செடி ஒன்று, நான்கு மாதங்களில் 2 கிலோ தருவதாகக் கொள்வோம். நான்கு செடிகளின் விளைச்சல் 8 கிலோ. வாரம் ஒரு கிலோ செலவிடும் குடும்பத்திற்கு இது இரு மாதத் தேவையே. நாள்தோறும் ஆறு மணி நேர வெயிலும் இதற்கு வேண்டும். எனவே, சந்தைக்கு மாற்றாகப் பால்கனியை எண்ணுவது ஏமாற்றத்தையே தரும்.

கீரையின் நிலை வேறு. அரை அடி ஆழமும் நான்கு மணி நேர வெயிலும் அதற்குப் போதும். நான்கு பெட்டிகளில் வாரத்திற்கு ஒன்றாகச் சிறுகீரை விதைத்து வந்தால், ஐந்தாம் வாரம் முதல் வாரந்தோறும் இரு கட்டுகள் பெறலாம். கட்டு 15 ரூபாய் என்றும், ஆண்டில் 40 வாரங்கள் அறுவடை என்றும் கொண்டால் வரவு 1,200 ரூபாய். தொடக்கச் செலவு 1,500 ரூபாயானால், அறுவடை தொடங்கிய பதினைந்து மாதங்களில் முதல் திரும்பும். தொகை சிறிதே; ஆயினும் தெளிக்கப்பட்டது என்னவென்று அறிந்த கீரை, பறித்த உடனே அடுப்பேறுகிறது. புளிச்சக்கீரை, கறிவேப்பிலை, மிளகாய் ஆகியனவும் இவ்வகையில் பயன் தருவனவாகும்.

மண்ணும் உரமும்

20 லிட்டர் தொட்டி நிறைய ஈர மண் 30 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஆகவே செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பளுவைக் குறைக்க வேண்டும். பெரிய தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின் மீது வைத்தலாகாது. காய்கறித் தோலைக் காய்ந்த சருகுடன் அடுக்கி மக்கவிட்டால், இரண்டு மூன்று மாதங்களில் உரம் கிட்டும். நகராட்சியின் குப்பைச் சுமையும் குறையும்.

ஆந்திர அரசு 2016 முதல் ஊக்குவித்துவரும் இயற்கை வேளாண்மையில் ஜீவாமிர்தம் முதன்மை பெறுகிறது. வீட்டளவில் 10 லிட்டர் நீரில் பசுஞ்சாணம் அரை கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், பயறு மாவு 100 கிராம், ஒரு பிடி மண் சேர்த்து நிழலில் இரு நாள் வைத்துக் கலக்கி, மேலும் நீர் சேர்த்து வேரில் ஊற்றலாம்.

மலரின் பாடம்

திருமலையில் பூக்கள் யாவும் இறைவனுக்கே உரியவை என்பதால் அடியார்கள் அங்குப் பூச்சூடுவதில்லை. வழிபாட்டில் பயன்பட்ட மலர்களிலிருந்து ஊதுவத்தி தயாரிக்கும் பணியைத் தேவஸ்தானம் 2021-இல் தொடங்கியது. வாடிய மலரும் வளமே என்னும் இப்பாடம் வீட்டுப் பூசைப் பூக்களுக்கும் பொருந்தும். அவை உரத்தொட்டியைச் சேரட்டும். கனகாம்பரம் பகுதி நிழலிலும் பூக்கும். மல்லிகையை நவம்பர் இறுதியில் கவாத்து செய்தால் கோடையில் மலரும்.

கோடையும் மழையும்

திருப்பதியில் வெப்பம் 40 டிகிரியைக் கடக்கும் கோடையில், மேற்கு நோக்கிய பால்கனிக்கு நிழல்வலை இன்றியமையாதது. 2021 நவம்பரில் இந்நகரை வெள்ளம் சூழ்ந்தது நினைவிருக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொட்டிகளின் வடிகால் துளைகளைச் சீர்செய்தல் வேண்டும். தட்டுகளில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டாவிடில் டெங்கு பரப்பும் கொசு பெருகும்.

ஆக, பால்கனித் தோட்டம் குடும்பத்தின் காய்கறிச் செலவு முழுவதையும் ஈடுசெய்யாது. கீரைக்குரிய செலவைக் குறைத்து, சமையற் கழிவை மண்ணாக்கி, ஒரு தக்காளி விளைய எத்துணை நீரும் உழைப்பும் தேவை என்பதை நகரத்தாருக்கு உணர்த்தும். விலை வீழும்போது உழவர் படும் இழப்பையும் எண்ணிப் பார்க்க அவ்வுணர்வு துணை செய்யுமாயின், அதுவே இத்தோட்டத்தின் தலையாய வரவாகும்.