வாட் முதலா, வயர் முதலா?

ட்ரான்ஸ்மிட்டர் வாங்கக் கிளம்புகிறவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வாட் போடலாம்?" என்பதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பெட்டியின் முகப்பில் எழுதியிருக்கும் வாட் வேறு, கோபுர உச்சியில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும் வாட் வேறு. நடுவில் தொங்கும் ஃபீடர் கேபிள் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் மேலே அனுப்பும்.

இந்தியாவில் தரைவழித் தொலைக்காட்சி பிரசார் பாரதியிடம் மட்டும் இருக்கிறது; தூர்தர்ஷனின் அனலாக் ட்ரான்ஸ்மிட்டர்களும் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. இலங்கையில் தனியார் தொலைக்காட்சிகளும் தரைவழியாக ஒளிபரப்புகின்றன. அங்கே வேலைக்குச் சேரும் இளம் பொறியாளருக்கு இந்தக் கணக்கு நேரடியாக உதவும். நம் ஊரில் சமுதாய வானொலி நடத்துபவருக்கும் பாதி பொருந்தும். அவர்களுக்கு ஆன்டெனாவிலிருந்து வெளிப்படும் திறன் (ஈ.ஆர்.பி.) 100 வாட், உயரம் 30 மீட்டர் என்று வரம்பு இருப்பதால் ஒவ்வொரு வாட்டும் காசு.

முதலில் உயரம். ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரத்தில் நிற்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், சமதரையில் அலை கிலோமீட்டரில் எவ்வளவு தூரம் நேராகப் போகும் என்று தோராயமாகத் தெரியும். 60 மீட்டருக்கு 32 கிலோமீட்டர். 100 மீட்டருக்கு 41. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர். அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி அங்கே ட்ரான்ஸ்மிட்டர் வைத்ததன் காரணம் இந்த ஒரு வாய்ப்பாட்டிலேயே அடங்கிவிடும். எண்பதுகளில் நம் தென்கடற்கரை ஊர்களில் மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் ஆன்டெனா கட்டி இலங்கைப் பக்கம் திருப்பி வைத்தவர்களுக்கு வாய்ப்பாடு தெரியாது. உயரத்தின் அருமை தெரியும். குன்றா, கோபுரமா என்று தேர்வு வந்தால், சாலையும் மின்சாரமும் இருக்கும்வரை நான் குன்றைத்தான் எடுப்பேன்.

அடுத்தது கேபிள். இங்கேதான் பணம் போகிறது, இங்கேதான் பணம் மிச்சமும் ஆகிறது. ஒரு கணக்கைப் பிடித்துக்கொள்வோம்: 500 வாட் ட்ரான்ஸ்மிட்டர், 600 மெகாஹெர்ட்ஸ், 60 மீட்டர் ஃபீடர். அரை அங்குல ஃபோம் கேபிள் போட்டால் மேலே சேருவது சுமார் 235 வாட். ஏழெட்டு என்று நாங்கள் சொல்லும் 7/8 அங்குலக் கேபிளில் சுமார் 325. ஒன்றே ஐந்தெட்டு அங்குலம் போட்டால் சுமார் 390. வயர்லெஸ் செட்டுக்குப் போடும் ஆர்.ஜி. 213 கேபிளைச் சுருட்டி வைத்திருக்கும் யாராவது "இது போதாதா சார்?" என்று கேட்பார். அதில் பத்தில் ஒரு பங்குகூட உச்சிக்குப் போகாது.

அரை அங்குலக் கேபிளை வைத்துக்கொண்டே உச்சியில் 390 வாட் வேண்டும் என்றால் கீழே 830 வாட் பெட்டி தேவைப்படும். டிஜிட்டல் ட்ரான்ஸ்மிட்டரின் திறன் நூற்றுக்கு 25 என்று வைத்தால், கூடுதலாக இழுக்கும் மின்சாரம் 1.3 கிலோவாட். இரவு பகலாக ஓடும் நிலையத்தில் ஆண்டுக்குச் சுமார் 11,500 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. இழுப்பது தனி. தடித்த கேபிளின் விலை ஒரு தடவைதான் வலிக்கும். கரண்ட் பில் மாதாமாதம் வரும்.

அதற்காக எங்கும் ஒன்றே ஐந்தெட்டு போடச் சொல்லவில்லை. அதை வளைக்க அரை மீட்டர் ஆரம் வேண்டும், ஏழெட்டுக்குக் கால் மீட்டர் போதும். அறைக்குள் நுழையும் இடம் குறுகலாக இருந்தால் தடித்த கேபிளை மடக்கி நசுக்கிவிடுவார்கள். நசுங்கிய இடத்தில் அலை திரும்பும். 30 மீட்டருக்குள் முடியும் வேலைக்கு ஏழெட்டே என் தேர்வு. அதைவிட நீளமானால் தடித்தது. கேபிள் டி.வி.க்காரரிடம் கிடைக்கும் 75 ஓம் கேபிளை இந்த இடத்தில் நுழைக்கவே கூடாது: 50 ஓம் உபகரணத்தோடு அது சேரும்போது நூற்றில் நான்கு பங்கு அப்படியே திரும்பி வரும்.

ஃபோமா, உள்ளே காற்று நிரம்பிய கேபிளா? காற்றுக் கேபிளில் இழப்பு சற்றுக் குறைவு, தாங்கும் சக்தி அதிகம். ஆனால் உலர்ந்த காற்றை ஓயாமல் அழுத்தத்தில் வைத்திருக்க டிஹைட்ரேட்டரோ நைட்ரஜன் சிலிண்டரோ வேண்டும். அழுத்தம் விட்டுப்போனால் ஈரக்காற்று உள்ளே இறங்கும். பல கிலோவாட் நிலையத்தில் ஆள் இருப்பார், மீட்டரைப் பார்ப்பார். ஆளில்லாத மலை உச்சியில், கடற்கரையில், சிறிய நிலையத்தில் ஃபோம்தான்.

ஃபோமிலும் கனெக்டர் வழியாகத் தண்ணீர் போகும். ஒரு மலை நிலையத்தில் மழை பெய்த மறுநாள் மாலைகளில் மட்டும் ரிஃப்ளெக்டட் பவர் ஏறி, ட்ரான்ஸ்மிட்டர் டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டோம், ஆம்ப்ளிஃபையர் கார்டைக்கூட மாற்றினோம். கடைசியில் மேலே ஏறி ஆன்டெனா முனைக் கனெக்டரைக் கழற்றினேன். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கையில் வழிந்தது. நடுப் பின் பச்சைப் பாசி பிடித்திருந்தது. மேலே டேப் சுற்றியவர் மேலிருந்து கீழாகச் சுற்றியிருந்தார்.

குளிர்விப்பில் காற்றா, திரவமா என்ற கேள்வி ஒன்றிரண்டு கிலோவாட் வரை எழவே வேண்டாம்: காற்று. ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டிக் கழுவ ஆள் இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் கிளைகோல் கலந்த நீரைச் சுற்றவிட்டுச் சூட்டை வெளியே கொண்டுபோகும் முறை அறையின் ஏ.சி. சுமையைக் குறைக்கும், பம்ப், குழாய், கசிவு என்று கவலைகளும் கூடவே வரும்.

யூ.பி.எஸ். முழு ட்ரான்ஸ்மிட்டருக்கும் போட்டால் பேட்டரிக்கே தனி அறை வேண்டும். எக்ஸைட்டருக்கும் கண்ட்ரோல் கார்டுக்கும் மட்டும் போட்டு, மிச்சத்தை ஜெனரேட்டரிடம் விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எர்த்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "எலக்ட்ரானிக் எர்த் தனி, கோபுர எர்த் தனி" என்று இரண்டு குழி வெட்டிப் பிரித்து வைப்பதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இடி விழும் கணத்தில் அந்த இரண்டு குழிகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் நிற்கும். அது சமன் ஆகத் தேடும் வழி உங்கள் ட்ரான்ஸ்மிட்டர்தான். எத்தனை குழி வேண்டுமானாலும் வெட்டுங்கள், எல்லாவற்றையும் தடித்த செப்புப் பட்டையால் ஒன்றாகக் கட்டுங்கள். ஃபீடரின் மேலுறையை ஆன்டெனாவுக்குக் கீழே, கோபுர அடியில் கேபிள் திரும்பும் இடத்தில், அறைக்குள் நுழையும் இடத்தில் என மூன்று இடங்களில் எர்த்தோடு இணைக்க வேண்டும்.

இணைத்ததும் ஆன்டெனாவில் பவர் ஏற்றிவிடாதீர்கள். முதலில் டம்மி லோடில் ஓட்டி, சொன்ன வாட் வருகிறதா, சூடு நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு ஃபீடரையும் ஆன்டெனாவையும் அனலைசரில் சோதித்து, கால் பங்கு பவரில் தொடங்கி ஏற்றுங்கள். கனெக்டருக்குக் கடைசிச் சுற்று டேப் கீழிருந்து மேலாகப் போகட்டும், ஓட்டுக்கூரையில் இறவாரத்திலிருந்து ஓடு அடுக்குவது போல. அன்றைய ஃபார்வர்டு, ரிஃப்ளெக்டட் அளவுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை ட்ரான்ஸ்மிட்டர் அறையிலேயே கட்டித் தொங்கவிடுங்கள்; முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை அதைப் பிரித்து ஒப்பிட வேண்டியிருக்கும்.