வட்டமடிக்காமல் வெல்வது: ஃபோக்கவுல்ஃப் 190-இல் முதல் பாடங்கள்

போர் விமான சிமுலேட்டருக்குப் புதிதாக வருபவர்கள் எதிரியைக் கண்டதும் ஜாய்ஸ்டிக்கை வயிற்றுவரை இழுத்துப் பிடித்து, அவன் வாலைத் துரத்தி வட்டமடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்பிட்ஃபயரிலும் ஜீரோவிலும் அது பலிக்கும். ஃபோக்கவுல்ஃப் 190, பி-47 போன்றவற்றில் அதையே செய்தால், சில சுற்றுகளில் எதிரி உங்கள் வாலுக்கு வந்துவிடுவான். இவை எனர்ஜி ஃபைட்டர்கள். வேகமும் உயரமும்தான் இவற்றின் பலம்.

கற்றுக்கொள்ள நான் சொல்வது ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் என்ற சிமுலேட்டரில் ஃபோக்கவுல்ஃப் 190 ஏ-3. எதிரியாக ஸ்பிட்ஃபயர் மார்க் 5. 190-உம் மார்க் 5-உம் 1941-இல் ஆங்கிலக் கால்வாய்க்கு மேல் நிஜமாகவே மோதத் தொடங்கின. 1942 ஜூனில் அர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி தவறுதலாக வேல்ஸின் பெம்ப்ரி தளத்தில் தன் 190-ஐ இறக்கிவிட்டார். பிரிட்டிஷார் அதை எடுத்துப் பறந்து சோதித்தபோது, வேகத்திலும் ரோல் அடிப்பதிலும் அது மார்க் 5-ஐ மிஞ்சியது. குறுகிய வட்டத்தில் திரும்புவதில் ஸ்பிட்ஃபயர் மிஞ்சியது. ஆகவே வட்டத்துக்குள் போகவே கூடாது.

190-இல் இன்னொரு வசதி: புரொப்பெல்லர் கோணம், எரிபொருள் கலவை எல்லாவற்றையும் ஒரே த்ராட்டில் பார்த்துக்கொள்ளும். உங்கள் கவனம் முழுக்க வெளியே இருக்கலாம்.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் மூக்கைத் தூக்கி, வேகம் 360-க்கு இறங்கும்வரை ஏறினால், காற்றின் தடையையும் இன்ஜினின் இழுப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சுமார் 640 மீட்டர் உயரம் கிடைக்கும். கீழே பாய்ந்தால் அந்த உயரம் மறுபடி வேகமாகும். இரண்டுக்கும் இடையில் எதையும் வீணடிக்காமல் இருப்பதுதான் பயிற்சி. வீணடிக்க மிகச் சுலபமான வழி ஜாய்ஸ்டிக்கை வெடுக்கென்று இழுப்பது.

முதல் பயிற்சியில் சுடவே வேண்டாம். குயிக் மிஷனில் ஒரே ஒரு எதிரி, திறமை ஆகக் குறைந்த நிலை; உங்களுக்கு அவனைவிட 1000 மீட்டர் அதிக உயரம். பாய்ந்து, அவன் பின்னால் நெருங்கி, கடந்து, மேலே திரும்புங்கள். மறுபடி பழைய உயரத்துக்கு வந்தீர்களா என்று உயரமானியைப் பாருங்கள். கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை. பாதி உயரம் போயிருந்தால் நீங்கள் எங்கோ முறுக்கி இழுத்திருக்கிறீர்கள். இது கைக்கு வரும்வரை ட்ரிகரைத் தொடாதீர்கள்; பலர் தாண்டிப் போகும் படி இது, பின்னால் தோற்பதும் இதனால்தான்.

அடுத்து, சுடும் பாய்ச்சல். செங்குத்தாக அவன் தலைமேல் விழாதீர்கள். குறிபார்க்க நேரமே கிடைக்காது. அவனுக்குப் பின்னால், சற்றே கீழே போய்ச் சேரும்படி சாய்வாக இறங்குங்கள். அங்கே அவன் பார்வைக்கு நீங்கள் எளிதில் தட்டுப்பட மாட்டீர்கள். மெல்ல மூக்கைத் தூக்கினால் அவன் இறக்கைகள் குறிபார்க்கும் கண்ணாடியை நிறைக்கும். 200 மீட்டருக்குள் வந்ததும் ஒரு நொடி, மிஞ்சிப்போனால் இரண்டு நொடி சுடுங்கள். 190-இன் 20 மி.மீ. பீரங்கிகளில் இரண்டு, இறக்கைகள் உடலோடு சேரும் இடத்திலேயே இருப்பதால் குண்டுகள் நடுவிலேயே போகும்.

அவன் திரும்பிவிட்டானா? விட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் சண்டை தீர்மானமாகிறது. அவனைத் தொடர்ந்து திரும்பும்போது திரை ஓரம் கருக்கத் தொடங்கினால் வேகம் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இழுத்தால் 190 எச்சரிக்கையில்லாமல் ஒரு இறக்கையைக் கவிழ்த்துவிடும். உடனே இறக்கைகளைச் சமப்படுத்தி, முழு த்ராட்டிலில் நேராக ஓடுங்கள். அவன் மூக்குக்கு முன்னாலேயே செங்குத்தாக ஏறுவது தற்கொலை. துப்பாக்கி எட்டும் தூரத்தைத் தாண்டி, தோராயமாக ஒரு கிலோமீட்டர் இடைவெளி கிடைத்த பிறகு மெதுவாக ஏறுங்கள். ஏறும்போது பின்னால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உச்சியில் வேகம் 300-க்குக் கீழே போவதற்குள் திரும்பிவிடுங்கள். அங்கே வேகம் குறைவு என்பதால் குறுகிய வட்டத்தில், மிதமான இழுப்பிலேயே மூக்கு கீழே வந்துவிடும்.

எதிரி உங்களுக்கு மேலே இருந்தால் ஏறிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். கீழே பாய்ந்து தூரம் போங்கள். உங்கள் கண்ணுக்கு அவன் சிறு புள்ளியான பிறகு பக்கவாட்டில் ஏறி, புதிதாகத் தொடங்குங்கள். பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

ஒவ்வொரு சண்டையையும் பதிவுசெய்து வெளிப்பார்வையில் ஓட்டிப் பாருங்கள். தோற்ற சண்டையில், சுடப்பட்ட நொடியைத் தேடவேண்டாம். அதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் எந்தத் திருப்பத்தில் உங்கள் வேகம் சரிந்தது என்று தேடுங்கள். அந்தத் திருப்பத்தைத் தவிர்த்து அதே மிஷனை மறுபடி பறக்கலாம்.